விமானம் கறுப்பாகவே விழுகிறது, எக்ஸ்போஷர் எப்படி வைப்பது? (ராமநாதபுரம் கடற்கரை)

#1 தேவிபட்டினம்_அலை

வணக்கம் நண்பர்களே. கையில் ஒரு பழைய க்ராப் சென்சார் பாடியும் 70-300 லென்ஸும் இருக்கின்றன. முன்பெல்லாம் பறவைதான் எடுப்பேன். இப்போது விமானம், ஹெலிகாப்டர் பக்கம் மனசு போய்விட்டது. எங்கள் ஊர்க் கடற்கரையில் நின்றால் கரையோரமாகத் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் எப்போதாவது கிடைக்கும். ரொம்ப உயரத்தில் பெரிய விமானங்கள் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு தெற்கே போகும்.

எக்ஸ்போஷர்தான் (படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது) பிடிபட மாட்டேன் என்கிறது. அபர்ச்சர் மோடில் (லென்ஸ் துளையை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும்) எஃப்/8, ஐஎஸ்ஓ 400 வைத்து எடுக்கிறேன். மீட்டரிங் (கேமரா வெளிச்சத்தை அளப்பது) முழு ஃப்ரேமுக்கும். ஒரு ஹெலிகாப்டர், ஒரே தொடர் ஷாட். பனைமரங்களுக்கு முன்னால் வரும்போது கேமரா 1/640 வைத்திருக்கிறது, வெள்ளைப் பெயின்ட் எல்லாம் வெளுத்துப் போய்விட்டது. கடலுக்கு மேல் வந்ததும் 1/1250, படம் ஓரளவு சரி. கொஞ்சம் மேலேறி வெறும் வானத்துக்கு வந்ததும் 1/4000. காக்கா மாதிரி கறுப்பு.

2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் நடந்த விமானப்படை சாகசத்துக்கும் போயிருந்தேன். அங்கே எடுத்ததிலும் பாதிக்கு மேல் இதே கதை. ப்ளஸ் காம்பென்சேஷன் (கேமராவின் கணக்கை விட வெளிச்சம் கூட்டுவது) கொடுத்துப் பார்த்தேன், ஒரு படத்துக்குச் சரியாக வந்தால் அடுத்த படத்துக்கு அதிகமாகிவிடுகிறது. ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளப்பது) வைக்கச் சொல்கிறார்கள் சிலர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 மட்டுறுத்துநர்

நல்ல கேள்வி, தொடருங்கள். எல்லோருக்கும் ஒரு விஷயம்: உச்சிப்புளியில் 2009 முதல் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. இந்த இடங்களின் வேலி, ஓடுதளம், கட்டடம், நிறுத்தி வைத்த வாகனங்கள் எதன் பக்கமும் லென்ஸைத் திருப்பக் கூடாது. ட்ரோன் பேச்சே வேண்டாம். பொதுக் கடற்கரையில் நின்று எடுத்தாலும் காவலர்கள் கேட்டால் அடையாள அட்டையும் படங்களும் காட்டுங்கள். எல்லையோரக் கடல், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ராணுவ விமானம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பறக்கிறது என்று இங்கே எழுதாதீர்கள். எழுதினால் அந்தப் பதிவு நீக்கப்படும்.

#3 பரமக்குடி_ஸ்டுடியோ

தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த மூன்று எண்ணையும் மறுபடி பாருங்கள். 1/640, 1/1250, 1/4000. அந்த நாலைந்து வினாடிக்குள் ஹெலிகாப்டர் மேல் விழுந்த வெயில் மாறியதா? மாறவில்லை. பின்னால் இருந்த பனை போய்க் கடல் வந்தது, கடல் போய் வானம் வந்தது, அவ்வளவுதான். கேமராவோ ஒவ்வொரு தடவையும் பின்னணியைப் பார்த்துக் கணக்குப் போட்டது. ஃப்ரேமில் விமானம் ஒரு மூலை, மிச்சமெல்லாம் பின்னணி. மீட்டர் யார் பேச்சைக் கேட்கும்?

மீட்டருக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பனங்காட்டைக் காட்டினால் ‘இருட்டாக இருக்கிறது’ என்று வெளிச்சத்தைக் கூட்டும். நம் கடற்கரையின் வெளுத்த வானத்தைக் காட்டினால் குறைக்கும். நீங்கள் காம்பென்சேஷன் எவ்வளவு கொடுத்தாலும், அது பின்னணிக்கு ஏற்ப ஓடிக்கொண்டிருக்கும் ஒரு எண்ணின் மேல்தான் ஏறி உட்காரும்.

அதனால் எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல் மோடுக்கு வாருங்கள். ஃபிலிம் காலத்தில் டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வரும். சூரியன் படம், மேகப் படம் போட்டு ஒவ்வொன்றுக்கும் அபர்ச்சர் எழுதியிருக்கும். நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் உங்கள் ஐஎஸ்ஓ எண்ணின் கீழ் ஒன்று. ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப்/16-இல் 1/400. நீங்கள் எஃப்/8-இல் எடுக்கிறீர்கள், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) திறந்திருக்கிறது, ஆகவே ஷட்டரை இரண்டு ஸ்டாப் ஏற்றினால் 1/1600. உங்கள் மூன்று படத்தில் எது ஓரளவு சரியாக வந்தது என்று சொன்னீர்கள்? கடலுக்கு மேல் 1/1250-இல் எடுத்தது. பொருந்துகிறதா?

சரி, நடைமுறைக்கு வருவோம். கடற்கரைக்குப் போனதும் ஐஎஸ்ஓ 400, எஃப்/8, 1/1600 வையுங்கள். வெயிலில் நிற்கும் வெள்ளையான எதையாவது ஒரு படம் எடுங்கள். கரையில் ஏற்றி வைத்திருக்கும் வெள்ளை வள்ளம் போதும், கூட வந்தவர் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையும் போதும். திரையில் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து வைத்தால், வெளுத்த இடம் கண் சிமிட்டும். சட்டை மடிப்பு தெரிந்து, சிமிட்டாமல் இருந்தால் வெள்ளை விமானத்துக்கும் அதுதான் எக்ஸ்போஷர். சிமிட்டினால் 1/2000. அதற்குப் பிறகு டயலில் கை வைக்காதீர்கள். விமானம் பனைக்கு முன்னால் வரட்டும், மேகத்துக்கு முன்னால் வரட்டும், மீட்டர் முள் எங்கே வேண்டுமானாலும் ஆடட்டும். கண்டுகொள்ளாதீர்கள்.

ஸ்பாட் மீட்டரிங் பற்றி: ஓடாமல் நிற்கும் பொருளுக்கு அது நல்ல கருவி. பறக்கும் விமானத்தின் மேல் அந்தப் புள்ளியைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது. ஒரு படத்தில் வெள்ளை வால், அடுத்ததில் கறுத்த வயிறு, அதற்கடுத்ததில் வானம் என்று நழுவிக்கொண்டே இருக்கும். முழு ஃப்ரேம் மீட்டரிங்கை விட மோசமாகத் தாவும்.

#4 பாம்பன்_செம்பருந்து

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. இதைப் பழக விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பாம்பனில் மீன் இறக்கும் நேரத்தில் செம்பருந்துகள் தலைக்கு மேல் சுற்றும். தலையும் நெஞ்சும் தூய வெள்ளை, மிச்ச உடம்பு செங்காவி. வெள்ளை பெயின்ட் அடித்து அடியில் கறுத்த ஹெலிகாப்டருக்கு உள்ள அதே சங்கடம். தலையில் இறகு தெரிய வேண்டும், இறக்கை மண்ணாகிவிடவும் கூடாது. பருந்தில் கை பழகிவிட்டால் விமானம் சுலபம், ஏனென்றால் அது நேராகப் போகும்.

வெள்ளைச் சட்டை பக்கத்தில் இல்லையென்றால் உள்ளங்கை போதும். வெயில் முழுதாகப் படும்படி கையை நீட்டி, ஃப்ரேம் நிறைய அதை வைத்து மீட்டர் பார்த்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டுங்கள். உள்ளங்கை பெரும்பாலும் நடுச்சாம்பலை விட ஒரு ஸ்டாப் வெளுப்பு. உங்கள் கைக்கு எவ்வளவு என்று ஒரு தடவை வெள்ளை வள்ளத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொண்டால், பிறகு அளவுகோலைக் கையோடு கொண்டு போகலாம்.

#5 கீழக்கரை_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்டுடியோ அண்ணன் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. மேனுவல் எல்லா நாளுக்கும் சரிப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கரையில் ஒரு நிமிஷம் வெயில், மறு நிமிஷம் மேகம். 1/1600 என்று பூட்டி வைத்திருந்து, சூரியன் மேகத்துக்குள் போன நேரத்தில் ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு ஸ்டாப் இருட்டாகிவிடும். நான் அபர்ச்சர் மோடில் வைத்து, வெள்ளை மூட்டமான வானம் என்றால் ப்ளஸ் ஒன்றரை, கழுவி விட்ட நீல வானம் என்றால் பூஜ்ஜியம், கறுத்த மழை மேகத்துக்கு முன்னால் வெள்ளை விமானம் என்றால் மைனஸ் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். பின்னணி மாறாமல் வானம் மட்டுமே இருக்கும்போது இந்த முறை ஏமாற்றுவதில்லை.

அப்புறம், மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டால் இரண்டு வசதியும் கிடைக்கும் அல்லவா? அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

#6 பரமக்குடி_ஸ்டுடியோ

வ அலைக்கும் ஸலாம் காக்கா. மேகம் ஓடும் நாளைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான். வானம் ஒரே மாதிரி இருந்து வெளிச்சம் மட்டும் மாறினால் ஆட்டோ நல்லது. வெளிச்சம் ஒரே மாதிரி இருந்து பின்னணி மாறினால் மேனுவல் நல்லது. தம்பிக்கு நடந்தது இரண்டாவது. அவர் நிற்பது பனையும் கடலும் வானமும் ஒரே ஷாட்டில் வருகிற கரை.

ஆனால் ஆட்டோ ஐஎஸ்ஓவை நான் ஏற்க மாட்டேன். அதை ஆன் செய்த நிமிஷமே கேமரா மறுபடி மீட்டரைக் கேட்கத் தொடங்கிவிடும். ஷட்டரும் அபர்ச்சரும் நகராது, ஐஎஸ்ஓ நகரும். வெளுத்த வானம் வந்தால் ஐஎஸ்ஓ இறங்கி விமானம் கறுக்கும். டயல் எம்-இல் நிற்பதால் மேனுவலில் எடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்போம். இதில் மாட்டிக்கொண்டு காரணம் தெரியாமல் லென்ஸைக் குறை சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேகம் ஓடும் நாளில் நான் இரண்டு நிலை வைத்துக்கொள்வேன். வெயிலுக்கு 1/1600. சூரியன் மேகத்துக்குள் போய், தரையில் நிழல் விழாத அளவுக்கு மங்கினால் 1/400, அதாவது இரண்டு ஸ்டாப். மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் வீதம் நகரும் டயல் என்றால் ஆறு க்ளிக். கண்ணை வ்யூஃபைண்டரில் இருந்து எடுக்காமல் ஆறு க்ளிக் திருப்பக் கை பழகிவிடும். 1/400 ஓடும் விமானத்துக்கு மெதுவாகத் தோன்றினால் ஷட்டரைத் தொடாமல் ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றுங்கள், அதே இரண்டு ஸ்டாப்தான். சில பாடிகளில் சி1, சி2 என்று இரண்டு நிலையையும் சேமித்து வைக்கலாம், அது இன்னும் வசதி.

ஆடி மாதக் கச்சான் காற்றில் மணலும் உப்பும் கிளம்பி வெயிலே பால் மாதிரி இருக்குமே, அந்த நாளுக்கு 1/800-இல் தொடங்குங்கள். நிழல் விழும், ஆனால் அதன் ஓரம் கூர்மையாக இருக்காது. நிழலின் ஓரத்தைப் பார்த்தே ஒரு ஸ்டாப் கணக்குச் சொல்லிவிடலாம்.

#7 தேவிபட்டினம்_அலை

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி காக்கா. இன்னும் இரண்டு சந்தேகம். அந்தத் துண்டுச் சீட்டில் கடற்கரை மணலுக்கு எஃப்/22 என்று போட்டிருப்பார்கள் என்று படித்தேன். தனுஷ்கோடி மணலில் நின்று எடுக்கும்போது 1/1600-ஐ 1/3200 ஆக்க வேண்டுமா? இன்னொன்று, மேனுவல் வைத்த பிறகும் நடுப்பகலில் விமானத்தின் வயிறு கறுப்பாகவே இருக்கிறது. மேல்பக்கம் மட்டும் சரியாக வருகிறது.

#8 இயற்பியல்_டீச்சர்

மாணவர்களுக்கு ஒளியியல் நடத்துகிறவள் என்பதால் இந்த இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

எஃப்/22 என்பது வெள்ளை மணல் மேல் நிற்கும் மனிதருக்கு. மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அவர் மேல் விழுவதால் ஒரு ஸ்டாப் குறைக்கச் சொல்கிறார்கள். விமானம் மணலில் நிற்கவில்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அதன் மேல் விழும் வெயிலை மாற்றாது. ஆகவே 1/1600 அப்படியே இருக்கட்டும்.

ஆனால் மணல் வேறு விதத்தில் உதவும். கடல் நீர் மேலிருந்து விழும் வெயிலில் மிகக் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். காய்ந்த வெளிர் மணல் அதைப் போலப் பல மடங்கு திருப்பும். ஹெலிகாப்டரோ ஆலா என்ற கடற்பறவையோ தாழப் பறந்து கடலில் இருந்து மணல் திட்டுக்கு மேல் வரும்போது அதன் வயிறு சட்டென்று வெளிச்சமாவதை அரிச்சல்முனைப் பக்கம் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த இடத்தில் வரும்போது அழுத்துங்கள். உயரே போகும் விமானத்துக்கு இந்த உதவி கிடைக்காது.

இப்போது நடுப்பகல் வயிறு. ராமேஸ்வரம் வடக்கு அட்சரேகை 9.28 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி உச்சிவெயில் இங்கே நேர் தலைக்கு மேல் வரும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒரு தடவை. அந்த நாட்களில் நடுப்பகலில் இறக்கையின் மேல்பக்கம் முழு வெயில், அடிப்பக்கம் முழு நிழல். இரண்டுக்கும் மூன்று நான்கு ஸ்டாப் வித்தியாசம் வரலாம். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் காப்பாற்றுவது சிரமம். எந்த மோடும் இதைத் தீர்க்காது, நேரம்தான் தீர்க்கும். காலை ஒன்பதரைக்கு முன், மாலை மூன்றரைக்குப் பின் வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும். எழுத்து, ஜன்னல், வால் எல்லாம் துலங்கும்.

எந்தக் கரையில் எப்போது என்பதும் முக்கியம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் கிழக்கே. காலையில் சூரியன் கடலுக்கு மேல், உங்களுக்கு எதிரே. கடல் மேல் வரும் எதுவும் கறுக்கத்தான் செய்யும். மாலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஊர்ப் பக்கம் இருக்கும், கடல் மேல் வருவது முழு வெளிச்சத்தில் வரும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கடல் தெற்கே. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் பகல் முழுக்கக் கடல் பக்கம் எதிர்வெயில். அங்கே காலையில் மேற்கே பார்த்தும் மாலையில் கிழக்கே பார்த்தும் எடுக்க வேண்டும். வைகாசி, ஆனியில் நடுப்பகல் சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்கே போய்விடும், அப்போது நிலைமை மாறும்.

மெரினாவில் உங்கள் படங்கள் கறுத்ததற்கும் இதுவே பெரிய காரணம். காட்சி தொடங்கியது காலை 11 மணி. சூரியன் தென்கிழக்கில் உச்சிக்குப் பக்கத்தில். எல்லோரும் கிழக்கே கடலைப் பார்த்து நின்றார்கள். வெயில் விழுந்த பக்கம் அப்பால், நிழல் பக்கம் நம் பக்கம். அந்த மாதிரி எதிர்வெயிலில் மட்டும் வெயில் எக்ஸ்போஷரில் இருந்து ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி 1/640 வரை இறங்குங்கள். வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். பார்க்கிறவர் விமானத்தைத்தான் பார்ப்பார்.

#9 கீழக்கரை_காக்கா

டீச்சரம்மா, எங்கள் கரையைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கார்த்திகையில் கடல் பக்கம் எடுத்ததெல்லாம் ஏன் நிழலுருவமாகவே வந்தது என்று இப்போது புரிகிறது. நன்றி.

#10 பாம்பன்_செம்பருந்து

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1/1600-இல் எடுத்தால் ஹெலிகாப்டரின் மேல் விசிறி உறைந்து நின்றுவிடும். வானத்தில் தொங்கும் பொம்மை மாதிரி இருக்கும், எனக்கு அது பிடிக்காது. நடுத்தர ஹெலிகாப்டர்களின் மேல் விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றை ஒட்டிச் சுற்றும். வினாடிக்கு ஐந்து சுற்று, அதாவது 1800 பாகை. 1/1000-இல் ஒரு தகடு இரண்டு பாகைகூட நகராது. 1/125-இல் சுமார் 14 பாகை, 1/60-இல் 30 பாகை. 1/125-இலேயே சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1/60 அழகு, ஆனால் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். மதுரைக்கு வந்து போகும் ஏடிஆர் 72 மாதிரி விமானத்தின் ப்ரொப்பெல்லர் இதைவிட வேகம், புறப்படும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று. அதற்கு 1/250 வைத்தாலே 29 பாகை கிடைத்துவிடும். ஜெட்டுக்கு இந்தக் கவலையே இல்லை, எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் வையுங்கள்.

இங்கேதான் எக்ஸ்போஷர் குறுக்கே வரும். வெயிலில் 1/125-க்கு இறங்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ 100, எஃப்/14 வரை போக வேண்டும். எஃப்/14-இல் சென்சாரில் ஒட்டிய தூசு எல்லாம் வெறும் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கூர்மையும் கொஞ்சம் குறையும். இரண்டு ஸ்டாப் என்டி ஃபில்ட்டர் (நிறம் மாற்றாமல் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டினால் எஃப்/7.1-இல் நிற்கலாம். போலரைசர் இருந்தால் அதுவும் ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு விழுங்கும். ஆனால் விமானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும்போது வானத்தின் நீலம் ஒரு பக்கம் கருத்து ஒரு பக்கம் வெளுக்கும், எனக்கு என்டிதான் நிம்மதி.

இடுப்பில் இருந்து மேல் உடம்பு முழுவதையும் திருப்பி, அழுத்திய பிறகும் நிறுத்தாமல் கொண்டு போங்கள். பாம்பன் காற்றில் லென்ஸ் ஹூட் பாய்மரம் மாதிரி இழுக்கும், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

#11 ஏர்வாடி_நிலா

நான் போனில்தான் எடுக்கிறேன். இதில் எனக்கு ஏதாவது உண்டா?

#12 பாம்பன்_செம்பருந்து

உண்டு தங்கச்சி. வெயில் படும் மணலையோ வள்ளத்தையோ திரையில் தொட்டு அப்படியே அழுத்திப் பிடியுங்கள். எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி வள்ளத்தின் வெள்ளை வெளுக்காத அளவுக்கு வையுங்கள். பிறகு விமானத்துக்குத் திருப்புங்கள். நிறையப் போன்களில் ஃபோகஸும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், அதனால் பக்கத்தில் இருப்பதைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும் வள்ளத்தைத் தொடுங்கள்.

#13 தேவிபட்டினம்_அலை

உயரே போகும் விமானங்களுக்கும் இதே 1/1600-தானா? கோடு போட்டுப் போவது அழகாக இருக்கிறது, ஆனால் கோடு வெறும் வெள்ளைப் பட்டையாக வருகிறது. மாலையில் இருட்டும் நேரத்தில் ஒன்று தங்க நிறத்தில் போனது, அதையும் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

#14 இயற்பியல்_டீச்சர்

பகலில் அதே கணக்குத்தான். புகைக்கோடு பனித்துகள்களால் ஆனது, விமானத்தை விட வெளுப்பாகக்கூட இருக்கும். அதன் திரட்சி தெரிய வேண்டுமென்றால் 1/2000, 1/2500 வரை ஏற்றுங்கள். உங்கள் லென்ஸில் எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். ஏ320-இன் நீளம் 37.57 மீட்டர். 11 கிலோமீட்டர் உயரத்தில் நேர் தலைக்கு மேல் போனாலும் 300 மி.மீ.-இல் சென்சார் மேல் ஒரு மில்லிமீட்டர்தான் விழும். 24 மெகாபிக்சல் க்ராப் பாடியில் 260 பிக்சல் வரும். அடிவானத்துப் பக்கம் போனால் இன்னும் சின்னது, வெக்கையில் நெளியவும் செய்யும். விமானத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் கோட்டோடு சேர்த்து ஃப்ரேம் போடுங்கள்.

மாலைத் தங்கம் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. 11 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் மூன்று பாகைக்கு மேல் தாழ்ந்து தெரியும். நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் அங்கே சுமார் 13 நிமிடம் வெயில் இருக்கும். நம் வானம் நிமிடத்துக்கு நிமிடம் இருண்டுகொண்டே போக, விமானம் மட்டும் முதலில் பொன்னாகவும் பிறகு செம்பாகவும் ஒளிரும். ஐஎஸ்ஓ 800, எஃப்/6.3, 1/500-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எச்சரிக்கையைப் பார்த்து, விமானம் சிமிட்டாத அளவுக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டே வாருங்கள். இங்கே கேமராவின் ஆட்டோவை நம்பினால் இருண்ட வானத்தைத் தூக்கிவிட்டு, அந்தச் செம்பு நிறத்தை வெள்ளையாக்கிவிடும். இதற்குத் தனுஷ்கோடி சரிப்படாது, பொழுது சாயும் முன்பே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஊர்க் கரையே போதும்.

#15 பரமக்குடி_ஸ்டுடியோ

டீச்சர் இதைச் சொன்னதும் நிலா ஞாபகம் வந்தது. பௌர்ணமி அன்று தேவிபட்டினத்தில் நிலா கடலுக்கு மேல் எழும். அதன் குறுக்கே விமானம் போவது அபூர்வம், கிடைத்தால் விடக் கூடாது. நிலாவும் வெயிலில் நிற்கும் பொருள்தான், அதனால் ஃபிலிம்காரர்கள் எஃப்/11 கணக்கு வைத்திருந்தார்கள். ஐஎஸ்ஓ 400-இல் எஃப்/11, 1/400. எஃப்/8 என்றால் 1/800. நிலா நன்றாக மேலே ஏறிய பிறகு இது சரி. அடிவானத்தில் சிவந்து கிடக்கும்போது இரண்டு ஸ்டாப், சில நாள் அதற்கு மேலும் கூட்ட வேண்டியிருக்கும். விமானம் கறுப்பாக விழும், இந்த ஒரு படத்துக்கு அப்படித்தான் விழ வேண்டும்.

சூரியனுக்குக் குறுக்கே எடுக்கலாமா என்று யாரும் கிளம்பாதீர்கள். லென்ஸ் முன்னால் முறையான சோலார் ஃபில்ட்டர் இல்லாமல் டெலி லென்ஸைச் சூரியனுக்குத் திருப்பினால் சென்சார் போகும், வ்யூஃபைண்டரில் பார்த்தால் கண்ணே போகும்.

#16 தேவிபட்டினம்_அலை

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். மாலை நாலரை மணி, வெயில் முதுகில். ஐஎஸ்ஓ 400, எஃப்/8, ஷட்டரைப் பக்கத்து வள்ளத்தின் வெள்ளையைப் பார்த்து 1/1250-இல் பூட்டினேன். வெயில் சாய்ந்துவிட்டதால் 1/1600-இல் கொஞ்சம் மங்கலாக இருந்தது. விமானம் எதுவும் வரவில்லை, கடற்காகங்களும் ஆலாக்களும்தான். பனைக்கு முன்னால், கடலுக்கு முன்னால், வானத்துக்கு முன்னால் மூன்றிலும் இறகு ஒரே வெள்ளையாக இருக்கிறது. தொடரை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது பின்னணி மட்டும் மாறுகிறது, பறவை மாறவில்லை. எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

ஒரே ஒரு குறை. எல்லாப் படத்திலும் கறுப்பு கறுப்பாக இல்லை, மேலே ஒரு வெள்ளைப் படலம். எக்ஸ்போஷர் இன்னும் அதிகமா?

#17 பாம்பன்_செம்பருந்து

அது எக்ஸ்போஷர் இல்லை தம்பி, உப்பு. லென்ஸ் முகப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், பூத்தாற்போல் தெரியும். காற்று அடிக்கும் நாளில் அரை மணி நேரத்தில் படிந்துவிடும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணல் இருக்கும்போது துணி வைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். வெறும் துணியால் தேய்த்தால் உப்பு இன்னும் பரவும்.

#18 பரமக்குடி_ஸ்டுடியோ

துடைத்த பிறகு அதே இடத்தில், அதே 1/1250-இல் ஒரு படம் எடுத்துப் பழைய படத்தோடு சேர்த்துப் போடுங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இடது ஓரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று எல்லோரும் பார்க்கலாம். ரா ஃபைலாகவே (கேமரா திருத்தாத மூலப் படம்) ஏற்றுங்கள் தம்பி, ஜேபெக்கில் கேமரா தானாகக் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றிவிடும்.